ஆலங்கட்டி மழையில் கூரை சேதமடைந்தால்: டெக்சஸில் காப்பீட்டுக் கோரிக்கைக்கு யாரிடம், எப்போது உதவி கேட்பது?

டெக்சஸ் மாநிலத்தின் வடபகுதியில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்கள் வானத்தைப் பார்த்தபடியே கழியும் மாதங்கள். டாலஸ், பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை அரிய நிகழ்வன்று. 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த் நகரில் பெய்ததும், 2016 ஏப்ரல் 11 அன்று வைலி நகரில் வீட்டுக் கூரைகளையே துளைத்ததும் இன்றும் அங்கே பேசப்படுகின்றன. இத்தகைய மழை ஓய்ந்த மறுநாளே கூரைப் பணியாளர்கள் தெருத் தெருவாக வந்து கதவைத் தட்டுவார்கள். "கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம், கிளைமையும், அதாவது காப்பீட்டுக் கோரிக்கையையும், நாங்களே முடித்துத் தருகிறோம், நீங்கள் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம்" என்பார்கள். ஆகவே இங்கே உதவிக்கு ஆள் கிடைப்பது கடினமன்று. உதவ வருபவர் யாரிடம் பணம் பெறுகிறார், எதைச் செய்யச் சட்டம் அவரை அனுமதிக்கிறது என்பதை அறியாமல் கையெழுத்திட்டுவிடுவதில்தான் பெரும்பாலான இழப்புகள் தொடங்குகின்றன. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர் பகலில் தனியாக இருக்கும் வீடுகளில், வாசலில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

முதலில் பாலிசியை எடுத்துப் படியுங்கள்

யாரையும் அழைக்கும் முன், பாலிசியின் முதல் சில பக்கங்களில் உள்ள விவரப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு செய்திகளைக் கண்டறிய வேண்டும். ஒன்று, காற்று மற்றும் ஆலங்கட்டிச் சேதத்துக்கான டிடக்டிபிள், அதாவது இழப்பில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு. டெக்சஸில் இது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தொகையாக இராமல், வீட்டுக்கான காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். மற்றொன்று, கூரைக்கு முழு மாற்றுச் செலவு தரப்படுமா, அல்லது தேய்மானம் கழித்த மதிப்பு மட்டுமே தரப்படுமா என்பது. இந்த இரண்டாவது செய்தியைப் பலர் கிளைம் முடிந்த பிறகே அறிந்துகொள்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வீடு 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்து, டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால், உங்கள் பங்கு 8,000 டாலர். புதிய கூரைக்கு 20,000 டாலர் ஆகும் என்றும், பழைய கூரையின் தேய்மானம் 8,000 டாலர் என்றும் மதிப்பிடப்பட்டதாகக் கொள்வோம். அப்போது இவ்விரண்டையும் கழித்து, முதலில் வரும் காசோலை வெறும் 4,000 டாலருக்குத்தான் இருக்கும். முழு மாற்றுச் செலவுப் பாலிசியாக இருந்தால், வேலை முடிந்ததற்கான சான்றைத் தந்தபின், தேய்மானமாகப் பிடித்துவைத்த 8,000 டாலரும் வந்து சேரும். தேய்மானம் கழிக்கும் பாலிசியாக இருந்தால், அந்த 4,000 டாலருடன் கணக்கு முடிந்துவிடும். முதல் காசோலையைப் பார்த்தவுடன் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறுவதற்கும், உண்மையிலேயே குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்களா என்று ஆராய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கணக்குத்தான் காட்டும்.

பழுதுபார்க்கும் செலவு டிடக்டிபிளைத் தாண்டாது எனத் தெரிந்தால், கிளைம் பதிவு செய்வதில் பயனில்லை. ஐயமிருந்தால் ஏஜென்டிடம் விசாரிக்கலாம். ஆனால், விளக்கம் மட்டுமே கேட்கிறேன், கிளைம் பதிவு செய்யவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். உலோகக் கூரை உள்ளவர்கள், தோற்றத்தை மட்டும் பாதிக்கும் ஒடுக்குகளுக்குப் பணம் தரப்படாது என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேதத்தைப் பதிவு செய்தலும் தற்காலிகப் பாதுகாப்பும்

நீங்களே கூரைமேல் ஏறத் தேவையில்லை. தரையிலிருந்தே பல அடையாளங்களைப் படமெடுக்கலாம். மழைநீர்க் கால்வாய்த் தகரத்திலும் அதன் இறங்கு குழாய்களிலும் விழுந்த ஒடுக்குகள், ஏசி வெளியலகின் மடங்கிய தகடுகள், கிழிந்த ஜன்னல் வலைகள், குழாய் வழியே வந்து தரையில் குவிந்துகிடக்கும் கருமணல் போன்ற ஷிங்கிள் (கூரைமேல் பதிக்கும் ஓட்டுத் தகடு) துகள்கள் ஆகியவை முக்கியமானவை. ஆலங்கட்டியை ஒரு நாணயத்தின் அருகில் வைத்து எடுத்த படமும் பிற்பாடு பயன்படும். வீட்டினுள் மேற்கூரையில் ஈரக்கறை தெரிந்தால், அது பரவும் விதத்தைத் தேதியுடன் தொடர்ந்து படமெடுங்கள்.

சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்றே பாலிசிகள் கூறுகின்றன. எனவே ஒழுகும் இடத்தைத் தார்ப்பாயால் மூடச் செய்து, அதன் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் பார்க்கும் முன் நிரந்தரப் பழுதுவேலையைத் தொடங்குவதும், கழற்றிய பொருட்களை எறிந்துவிடுவதும் கூடாது. தாமதமும் ஆபத்தானதே. ஆலங்கட்டிச் சேதத்துக்கு ஓராண்டுக்குள் கிளைம் பதிவு செய்ய வேண்டும் என்ற காலக்கெடு பல பாலிசிகளில் உண்டு.

கிளைம் எண் கிடைத்த நாளிலிருந்து ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். யாருடன், எந்த நாளில், என்ன பேசினீர்கள் என்பதை எழுதிவைத்து, தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றே ஒரு சிறு மின்னஞ்சலாக நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். டெக்சஸ் சட்டப்படி, கிளைம் அறிவிப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள் நிறுவனம் அது கிடைத்ததை உறுதிப்படுத்தி விசாரணையைத் தொடங்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் கிடைத்தபின் 15 வேலை நாட்களுக்குள் ஏற்பதையோ மறுப்பதையோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணம் தருவதாக அறிவித்தபின் 5 வேலை நாட்களுக்குள் அதைத் தர வேண்டும். தக்க காரணம் காட்டினாலும், பெரும் புயல்களை ஒட்டியும் இந்தக் கெடுக்கள் நீளலாம். உங்கள் குறிப்பேட்டில் தேதிகள் இருந்தால்தான் இந்தச் சட்டம் உங்களுக்குப் பயன்படும்.

கூரைப் பணியாளர் எதுவரை உதவலாம்

சேதத்தை ஆய்ந்து மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் அதன் ஊழியராக இருந்தாலும், வெளியிலிருந்து அமர்த்தப்பட்டவராக இருந்தாலும், அவருக்குப் பணம் தருவது நிறுவனமே. இதனால் அவர் நேர்மையற்றவர் ஆகிவிடமாட்டார். எனினும் அவர் உங்கள் தரப்பு ஆள் அல்லர். அவர் கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி அளவில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்து, அதனுள் ஆலங்கட்டி விழுந்த தடங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவார். அவர் வரும் நேரத்தில், உள்ளூரில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்யும் ஒரு கூரைப் பணியாளரை உடன் இருக்கச் செய்வது மிகவும் பயனுள்ளது. அவர் சேதத்தைச் சுட்டிக்காட்டலாம், அளவுகளைக் கூறலாம், தம் மதிப்பீட்டை எழுதித் தரலாம், தம் விலைக்கான காரணத்தை விளக்கலாம்.

அதற்கு மேல் அவர் போகக்கூடாது. தாம் வேலை செய்யப்போகும் வீட்டுக்கே, அதன் உரிமையாளர் சார்பில் காப்பீட்டு நிறுவனத்துடன் கிளைம் பேரம் நடத்துவதை டெக்சஸ் சட்டம் தடை செய்கிறது. 2024 ஜூனில் அம்மாநில உச்ச நீதிமன்றமும் இந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகையால் "நிறுவனத்துடன் நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்று சொல்லிக் கையெழுத்து கேட்பவர், தொடக்கத்திலேயே சட்டத்தை மீறுகிறார். "காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தந்தால் வேலை எங்களுக்கே" என்ற வாசகம் கொண்ட படிவங்களையும், வெறும் ஆய்வு அனுமதி என்று நம்பிக் கையெழுத்திடாதீர்கள். அவை ஒப்பந்தங்கள்.

டிடக்டிபிள் தொகையைத் தள்ளுபடி செய்கிறோம் என்பது இன்னொரு தூண்டில். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அத்தொகையை வீட்டு உரிமையாளர் செலுத்தியே ஆக வேண்டும். அதைத் தாமே ஏற்றுக்கொள்வதாகவோ, விலைப்பட்டியலை உயர்த்திக் காட்டி ஈடுகட்டுவதாகவோ ஒப்பந்ததாரர் சொல்வது குற்றம். தெரிந்தே அதற்கு உடன்படும் உரிமையாளரும் குற்றத்துக்கு ஆளாகலாம். பிடித்துவைத்த தேய்மானத் தொகையைத் தருவதற்கு முன், டிடக்டிபிள் செலுத்தியதற்கான காசோலை நகலையோ கிரெடிட் கார்டு கணக்கையோ நிறுவனம் கேட்கலாம். அண்டை வீட்டார் ஒரு காசும் தராமல் புதுக்கூரை போட்டுக்கொண்டதாகச் சொன்னாலும் நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்று அழுத்தமாகவே கூறுகிறேன்.

டெக்சஸில் கூரை வேலைக்கு மாநில உரிமம் என்ற ஒன்றே இல்லை. எனவே நிரந்தர முகவரி, பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, அண்மையில் வேலை முடித்த வீடுகளின் பரிந்துரை ஆகியவற்றைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பாகிறது. தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பரிந்துரைகள் நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தப் பரிந்துரைக்குத் தரகுத் தொகை உண்டா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

நிறுவனம் குறைத்துத் தந்தாலோ மறுத்தாலோ

முதல் படி, நிறுவனத்தின் மதிப்பீட்டையும் உங்கள் கூரைப் பணியாளரின் மதிப்பீட்டையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடுவது. மொத்தத் தொகையை வைத்து வாதாடுவது பலன் தராது. கூரை விளிம்புத் தகடு விடுபட்டிருக்கிறது, முகட்டு ஷிங்கிள்களின் நீளம் குறைவாக அளக்கப்பட்டிருக்கிறது, செங்குத்தான சரிவுக்கான கூடுதல் கூலி சேர்க்கப்படவில்லை, நகராட்சி விதிப்படி செய்ய வேண்டிய மாற்றம் கணக்கில் இல்லை என்று குறிப்பிட்டு எழுதும்போதே நிறுவனம் தன் கணக்கைத் திருத்துகிறது. இத்துடன் படங்களை இணைத்து மறு ஆய்வு கோருங்கள்; வேறொரு அட்ஜஸ்டரை அனுப்பும்படியும் கேட்கலாம். மறுப்பு என்றால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். எனக்குத் தெரிந்தவரை, மிகுதியான கருத்து வேறுபாடுகள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடக்கூடியவை.

தீராவிட்டால், டெக்சஸ் காப்பீட்டுத் துறையிடம் இணையம் வழியாகப் புகார் அளிக்கலாம். கட்டணம் கிடையாது. துறை உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். பதில் தராமல் இழுத்தடித்தல், காலக்கெடுவை மீறுதல், காரணம் கூறாமல் மறுத்தல் ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. ஆனால் சேதம் 12,000 டாலரா, 20,000 டாலரா என்ற தொகைத் தகராறில் துறை தீர்ப்புச் சொல்லாது.

தொகைத் தகராறுக்கு உரியவர் பப்ளிக் அட்ஜஸ்டர். வீட்டு உரிமையாளரின் தரப்பில் நின்று நிறுவனத்துடன் பேச உரிமம் பெற்றவர் அவர். உரிமம் உண்மையா என்பதைக் காப்பீட்டுத் துறையின் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் கட்டணம் தீர்வுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் 72 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்யலாம். பழுதுபார்க்கும் வேலையில் அவருக்குப் பங்கு இருக்கக்கூடாது. அந்தக் கட்டணம் உங்கள் கூரைக்கான பணத்திலிருந்தே போகிறது என்பதை மறக்கலாகாது. நிறுவனம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொகைக்கும் சேர்த்துச் சதவீதம் கேட்கிறாரா, கூடுதலாகப் பெற்றுத் தருவதற்கு மட்டும் கேட்கிறாரா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சிறு கூரைச் சேதத்துக்கு அவர் தேவைப்படுவதில்லை. வீட்டினுள்ளும் நீர் புகுந்து, தொகை பெரிதாகி, மறு ஆய்விலும் நிறுவனம் அசையாதபோது அவரை நாடுவது பொருத்தம். நண்பர் ஒருவர் மொழிபெயர்த்து உதவுவதில் தவறில்லை. ஆனால் உரிமம் இல்லாத எவரும் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகக் கிளைம் பேசக் கூடாது.

பல பாலிசிகளில் மதிப்பீட்டு நடுவர் முறையும் உண்டு. இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை அமர்த்த, அவ்விருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூவரில் இருவர் ஒப்பும் தொகையே முடிவாகும். உங்கள் மதிப்பீட்டாளரின் கட்டணமும், நடுவர் கட்டணத்தில் பாதியும் உங்களுடையவை. ஆகவே தகராறுக்குரிய தொகை இந்தச் செலவைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். வழக்கறிஞரை நாடுவது அதற்கும் பிந்தையது. வானிலைச் சேத வழக்குகளில், வழக்குத் தொடுப்பதற்குக் குறைந்தது 61 நாட்களுக்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்பதால், பாலிசியில் உள்ள வழக்குக் காலக்கெடு நெருங்கும்வரை காத்திராமல் ஆலோசனை பெறுங்கள். கேட்காமலேயே வாசலுக்கு வந்து வழக்கு பிடிப்பவரை அணுகவே வேண்டாம்.

பணம் வந்த பிறகு

வீட்டுக்கடன் நிலுவையில் இருந்தால், காசோலையில் கடன் தந்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தே வரும். அதன் ஒப்பம் இல்லாமல் பணத்தை எடுக்க முடியாது. சில கடன் நிறுவனங்கள் பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக விடுவிக்கும். அவர்களின் காப்பீட்டுப் பிரிவை முன்னதாகவே அழைத்து, என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டுவைத்தால் வாரக்கணக்கில் மிச்சமாகும். கூரை வேலைக்கு முழுப்பணத்தையும் முன்பணமாகத் தராதீர்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்புகளில், ஷிங்கிள் நிறத்துக்கு அதன் ஒப்புதலை முதலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும், இறுதி விலைப்பட்டியல், டிடக்டிபிள் செலுத்திய சான்று, முடிந்த கூரையின் படங்கள் ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பிடித்துவைத்த தேய்மானத் தொகையை எழுத்தில் கோருங்கள். அதற்கும் பாலிசியில் காலக்கெடு உண்டு. கோராமல் விட்டுவிடுபவர்களுக்கு அது தானாக வந்து சேர்வதில்லை. ஆலங்கட்டியைத் தாங்கும் நான்காம் வகுப்பு ஷிங்கிள்களைப் போட்டிருந்தால், அதற்கான சான்றுப் படிவத்தைக் கூரைப் பணியாளரிடம் நிரப்பி வாங்கி ஏஜென்டிடம் கொடுத்து, அடுத்த பிரீமியத்தில் என்ன தள்ளுபடி கிடைக்கும் என்றும், அதற்கு ஈடாக ஏதேனும் விலக்கு நிபந்தனை சேர்க்கப்படுகிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.