கபால நரம்புப் பரிசோதனை: கேட்டது ஒன்றை, பதில் சொன்னது வேறொன்று

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகள்தான் கபால நரம்புகள். '12 கபால நரம்புகளும் இயல்பு' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது சுலபம். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். பல நேரம் நாம் கேட்டது ஒரு நரம்பை, பதில் சொன்னது வேறு நரம்பு.

மோப்பத்தையே (1-வது நரம்பு) எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே நீட்டுகிறோம். ஸ்பிரிட் மூக்கின் உட்புறத்தை எரிக்கும். அந்த எரிச்சலைக் கொண்டுபோவது, முகத்தின் தொடு உணர்வுக்கான 5-வது நரம்பு. மோப்பமே இல்லாதவர்கூட முகம் சுளிப்பார், நாமும் 'இயல்பு' என்று எழுதிவிடுவோம். காப்பித்தூளோ சோப்போ போதும். கண்களை மூடச் சொல்லி, ஒவ்வொரு துவாரமாகப் பாருங்கள்.

தொட்டதும் இமைக்கிறாரா என்று 5-வது நரம்பைச் சோதிக்க, கருவிழியைப் பஞ்சால் தொடும்போதும் இதே கதைதான். பஞ்சு நேர் எதிரே வந்தால், அதைப் பார்த்தே இமைத்துவிடுவார். அது பார்வைக்கான 2-வது நரம்பின் வேலை. மேலே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து கொண்டுபோங்கள். வெள்ளை விழியைத் தொட்டால் கணக்கில்லை. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறதா என்று டார்ச் அடிக்கும்போது நோயாளி தூரத்துச் சுவரைப் பார்க்கட்டும். டார்ச்சையே உற்றுப் பார்த்தால், கிட்டத்தில் பார்ப்பதாலேயே கண்மணி சுருங்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது முகத் தசைகளை அசைக்கும் 7-வது நரம்பு. "பஸ்ஸில ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன் டாக்டர், காத்து அடிச்சு வாய் கோணிடுச்சு" என்று ஒருவர் வருகிறார். பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் வாய் கோணி, நெற்றி மட்டும் நன்றாகச் சுருங்கினால் பக்கவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான அவகாசம் நாலரை மணி நேரம்தான், எனவே எப்போது ஆரம்பித்தது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். சரி, நெற்றியும் அசையவில்லை, பெல்ஸ் பால்சிதான் (7-வது நரம்பே பாதிக்கப்பட்டு வரும் முகவாதம்) என்று உடனே முடிவு கட்டலாமா? கூடாது. மூளைத்தண்டில் வரும் பக்கவாதத்திலும் இப்படி ஆகும். கண் வெளிப்பக்கம் திரும்புகிறதா, கைகால் பலம் எப்படி என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

அதிரும் டியூனிங் ஃபோர்க்கைக் காதருகேயும் காதின் பின் எலும்பிலும் வைத்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிடும் ரின் பரிசோதனையும் ஏமாற்றும். ஒரு காது முழுச் செவிடாக இருந்தாலும், அதன் பின் எலும்பில் வைத்த டியூனிங் ஃபோர்க்கின் ஒலி மண்டை வழியே மறு காதுக்குப் போய்விடும். எலும்பில் வைத்தால்தான் நன்றாகக் கேட்கிறது என்பார். ஃபோர்க்கை நெற்றி நடுவில் வைத்து எந்தக் காதில் கேட்கிறது என்று பார்க்கும் வெபர் பரிசோதனையையும் சேர்த்தால்தான் குட்டு வெளிப்படும். எடுத்த ஃபோர்க் 512 ஹெர்ட்ஸ் தானா என்றும் பாருங்கள். 128 கால் விரலில் அதிர்வு பார்க்க.

அப்புறம் நாக்கு. நீட்டச் சொல்லிவிட்டுத் தசைத்துடிப்பைத் தேடாதீர்கள். நீட்டினால் நல்ல நாக்கும் நடுங்கும். வாயைத் திறந்து, நாக்கை உள்ளேயே தளர்வாக வைத்திருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். நீட்டச் சொல்வது அதற்குப் பிறகு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதற்கு. அது பலம் குறைந்த பக்கம் சாயும்.