பழைய வெள்ளி ரூபாய்க்கு மதிப்புப் போடுவது எப்படி?

தாத்தா பெட்டியில் ஜார்ஜ் மன்னர் ரூபாய் கிடைத்ததா? முதலில் அதைத் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம், கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைப் பழகிய ஆட்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள், விலையும் அங்கேயே இறங்கிவிடும்.

அப்புறம் ஆண்டைப் பாருங்கள். 1835 முதல் 1939 வரை வந்த ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். 1940-லிருந்து 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஆக, நல்ல பழைய ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். விற்கிற நாளில் ஒரு கிராம் வெள்ளி என்ன விலையோ, அதால் பெருக்கினால் அடிமட்ட மதிப்பு வந்துவிடும். யாராவது அதற்கும் கீழே கேட்டால் பேச்சே வேண்டாம்.

அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அரிதா, தேயாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் ஏராளம், ஏனென்றால் ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். 1911 ரூபாய் வேறு கதை: மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று சர்ச்சையாகி, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள், அதனால் அதற்குத் தனி கிராக்கி. 1939 ரூபாய் ரொம்ப அரிது, அதனாலேயே போலியும் அதிகம். தேய்மானம் பார்க்க லென்ஸை எடுத்துக் கிரீடம், புருவம், காது என்று மேடான இடங்களைப் பாருங்கள். விளிம்பையும் விடாதீர்கள். காசுமாலையில் கோத்திருந்த காசு என்றால் வளையம் பற்றவைத்த தடம் அங்கேதான் இருக்கும், இருந்தால் கிட்டத்தட்ட வெள்ளி விலைதான்.

போலியா என்று சந்தேகமா? எடை மட்டும் பார்த்தால் போதாது. சின்ன எலக்ட்ரானிக் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுதாக முக்குங்கள். அப்போது தராசு காட்டுவது காசின் எடை இல்லை, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 91.7 சதவீத ரூபாய் என்றால் 1.13 கிராம் பக்கம் காட்டும், செம்பு பித்தளையில் அடித்தது 1.3-ஐத் தாண்டிவிடும். வெளியே எடுத்ததும் தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

சேமித்து வைக்க பிவிசி உறை கூடாது, நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். இன்னொன்று, நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டில் யார் எவ்வளவு தருகிறேன் என்றாலும் அனுப்பிவிடாதீர்கள்.