மொச்சை வெந்த பிறகுதான் புளி

மொச்சைக்கொட்டை எவ்வளவு நேரமானாலும் வேகவே இல்லை என்று யாராவது சொன்னால், நான் கேட்பது இதுதான்: எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள், புளியை எப்போது ஊற்றினீர்கள்? பெரும்பாலும் இதில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடும். புளியும் அதே வேலையைச் செய்யும். வேகாத மொச்சையில் புளியை ஊற்றிவிட்டால், அதன் பிறகு குழம்பு சுண்டுமே தவிர மொச்சை இளகாது.

இன்னொரு காரணம் பழைய சரக்கு. தை மாதம் பச்சை மொச்சை வரும், பொங்கலுக்குக் கூட்டுக் குழம்பில் போடுவோம். கொடியிலேயே முற்றிக் காய்ந்தது மாசி, பங்குனியில் கடைக்கு வரும். அப்போது வாங்குங்கள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். புதுசு பளபளவென்று இருக்கும், பழசு மங்கிக் கிடக்கும். வண்டு துளைத்ததைத் தனியே எடுத்துவிடுங்கள்.

ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 கிராம், நாலு பேருக்குப் போதும். இரவே கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல் உப்பு கரைத்து ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை, ஊறும்போது சேர்க்கும் உப்பு தோலை மிருதுவாக்கும். ஊற ஆரம்பித்ததும் தோலில்தான் முதலில் சுருக்கம் விழும். உள்ளே இருக்கும் பருப்பு தண்ணீர் குடித்து உப்பினால் சுருக்கம் போய் வழவழவென்று ஆகும். காலையிலும் சுருக்கம் இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல குடிநீர் ஊற்றி வேகவையுங்கள். போர் தண்ணீர்தான் வருகிறது என்றால் இதற்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்கள். குக்கரில் நாலு விசில், அப்புறம் சிறு தீயில் ஐந்து நிமிடம். நுரை பொங்கும், அதனால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மண்சட்டியில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கு மண்சட்டிதான் பிடிக்கும், மொச்சை உடையாமல் முழுசாக நிற்கும். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் கடுக்கென்று எதுவும் தட்டுப்படக் கூடாது.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், குழம்பின் ருசியே அதில்தான்.

இனி தாளிப்பு. இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், மூன்று வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு நசுக்கிய பூண்டு பத்துப் பல், ஒரு பிடி சின்ன வெங்காயம். பூண்டில் கஞ்சத்தனம் வேண்டாம், மொச்சை வாயுப் பண்டம். வெங்காயம் ஓரம் சிவந்ததும் ஒரு டீஸ்பூன் மிளகாய்த் தூள், இரண்டு டீஸ்பூன் மல்லித் தூள், கொஞ்சம் மஞ்சள், பெருங்காயம் போட்டுத் தீயைக் குறைத்து ஒரு கிளறு. தூள் கருகுவதற்குள் மொச்சையை அதன் தண்ணீரோடு கொட்டுங்கள். ஒரு கரண்டி மொச்சையை மட்டும் மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும், தேங்காய் அரைக்கத் தேவையில்லை.

இப்போதுதான் புளி. நெல்லிக்காய் அளவு போதும். கரைத்து ஊற்றி, உப்புப் பார்த்து, பச்சை வாசனை போகப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். எண்ணெய் மேலே மிதந்து வந்ததும் இறக்கி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். அதற்குள் காரமும் புளிப்பும் மொச்சைக்குள் இறங்கிவிடும். சோற்றுக்கும் நல்லது, கம்பங்களிக்கு இன்னும் நல்லது. ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கொள்ளுங்கள்.