மொட்டை மாடிக்கு வெளிர் கல்லா, அடர் கல்லா? வெறுங்காலால் தேர்ந்தெடுப்போம்

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முதலில் பதித்திருந்தது கறுப்புக் கடப்பா கல். பார்வைக்கு அழகுதான். ஆனால் கத்திரி வெயிலில் துணி எடுக்கப் போகும்போது அம்மா ஓர் ஈரத் துண்டை எடுத்துப் போவார். அதைக் கல்லில் போட்டு, மேலே ஏறி நின்று, காலாலேயே தள்ளித் தள்ளிக் கொடியின் மறுமுனை வரைக்கும் நகர்வார். மாடித் தளத்தை மாற்றும்போது நிறத்தில் இவ்வளவு கவனம் எடுத்ததற்கு அந்தத் துண்டுதான் காரணம்.

விஷயம் எளிது. நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1000 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. நல்ல வெள்ளை டைல்ஸ் அதில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புக் கல் பத்தில் ஒன்றிரண்டு பங்கை அனுப்பினாலே பெரிது, மீதியெல்லாம் கல்லுக்குள் இறங்கும். பழைய செம்மண் தட்டு ஓடு இந்த இரண்டுக்கும் நடுவில்.

முதல் படி: மாடியைக் கவனியுங்கள்

ஒரு நாள் காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு மேலே போய், நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல், பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல், எல்லாம் கணக்கு. நாள் முழுக்க வெயில் படும் இடத்துக்குத்தான் இந்தக் கவலை.

இரண்டாம் படி: மாதிரிக் கற்கள்

கடையின் குழல்விளக்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் (வெயிலைத் திருப்பி அனுப்பும் மாடி டைல்ஸ்), இளம் சாம்பல் அல்லது சந்தன நிறத்தில் ஒன்று, கோட்டா கல், கடப்பா என்று ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: மதியம் 2 மணிச் சோதனை

இதை மட்டும் தவறவிடாதீர்கள். காலை 10 மணிக்கே எல்லாவற்றையும் மாடித் தரையில் வெயிலில் பரப்பிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் வைக்க வேண்டாம், காற்றுப் பட்டுச் சூடு குறைந்து தெரியும். 2 மணிக்கு முதலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மே மாதத்தில் கறுப்புக் கல் 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். கை தாங்கினால் மட்டும் வெறுங்காலை வையுங்கள். பத்து வரை எண்ணி நிற்க முடிகிற கல்லைத் தனியே எடுத்து வையுங்கள்.

அப்படியே கண்ணையும் கேளுங்கள். பளபளப்பான சுத்த வெள்ளை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளும் அடிக்கும். எனக்குப் பிடித்தது மேட் ஃபினிஷில் வரும் வெள்ளை அல்லது சந்தன நிறம். சூடு கொஞ்சம் கூடினாலும் நிற்கலாம், பார்க்கலாம்.

இரவு 8 மணிக்கு மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தடித்த அடர் கல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே படுக்கையறை இருந்தால், மின்விசிறி அனல் காற்றை அள்ளிக் கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு என்றால் கதையே வேறு. அங்கே மாலைக் குளிரில் இந்த வெதுவெதுப்பு சுகம், அடர் கல்லே போடலாம்.

நான்காம் படி: தண்ணீர் ஊற்றுங்கள்

ஈரத்தில் நடந்து பார்த்து, வழுக்கினால் ஒதுக்கிவிடுங்கள். வெள்ளையில் அழுக்கும் ஐப்பசி மழைப் பாசியும் பளிச்சென்று தெரியும், அது உண்மைதான். ஆனால் அழுக்கேறிய வெள்ளை முன்னளவு வெயிலைத் திருப்பாது என்பதால், கண்ணில் பட்டுத் தேய்த்துக் கழுவுவது நல்லதே. ஆசிட் மட்டும் வேண்டாம். கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக் கற்கள், அவற்றையும் சிமெண்ட் இணைப்புகளையும் ஆசிட் அரித்துவிடும்.

அடர் நிறம்தான் ஆசை என்றால், கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு பார்டராகவோ, கூரை போட்ட மூலையிலோ போடுங்கள். நடக்கும் இடம் வெளிர் நிறமாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பதிப்பது

கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கொத்தனாரிடம் வாட்டத்தைப் பேசிவிடுங்கள்: 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தேங்காது. கற்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். நெருக்கி அடித்தால் வெயிலில் விரிந்து தூக்கிக்கொள்ளும்.

அப்புறம், வாங்கும்போதே அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கில், ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து வைத்துவிடுங்கள். பின்னால் ஒன்று உடைந்து மாற்ற நேர்ந்தால், அதே வெள்ளை கிடைப்பது கடினம்.