கிரவலுக்கு மேல் புல் விரிக்காதீர்கள்

போன மாதம் பரந்தன் பக்கம் ஒரு புது வீட்டைக் கடந்து வரும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். வீட்டு முற்றங்களுக்குப் புல் விரிக்கும் எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிமார், வேரும் மண்ணுமாக வெட்டி வந்த புல் கார்பெட்டை விரித்துக்கொண்டிருந்தார்கள். கை சுத்தமான வேலை. வரிசை நேராக இருந்தது. செங்கல் கட்டுவது போல மூட்டுகளை மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் புல்லுக்கு அடியில் இரண்டு விரல் கனத்தில்தான் செம்மண் இருந்தது. அதற்குக் கீழே ரோலர் ஓடி இறுகிய கிரவல், அதாவது சரளை மண்.

2013 இல் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் விடாவிட்டால் புல் காயும் என்று யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. கவனமாக வேலை செய்பவர்களே விடுகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கிரவல்

வன்னியில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் வளவை உயர்த்துவார்கள். கார்த்திகை, மார்கழி மழைக்கு வெள்ளம் வாசலுக்கு வரக் கூடாது என்பதால் டிப்பர் டிப்பராகக் கிரவல் பறித்து, தண்ணீர் அடித்து, ரோலர் போட்டு இறுக்குவார்கள். வீட்டுக்கு அது சரியான வேலை. றோட்டுக்கும் கிரவலைத்தான் போடுகிறோம், இறுகினால் அசையாது என்பதால். அந்த இறுக்கம்தான் புல்லைக் கொல்கிறது. வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது.

2013 இல் கிளிநொச்சித் திருவையாற்றில் ஒரு வீடு. மகன் கனடாவில் இருந்தார், அம்மா மட்டும் இங்கே. 1,200 சதுர அடி முற்றம். கிரவல் நல்ல மட்டமாக இருந்ததால், மேலே இரண்டு அங்குலம் மண் போட்டு விரித்தால் போதும் என்று நினைத்தேன். இரண்டு கியூப் மண்ணோடு வேலை முடிந்தது. புரட்டாசிக் கடைசியில் விரித்தேன். முதல் மழைக்கு முற்றம் பச்சைப்பசேல் என்று வந்தது. மகன் படம் பார்த்துவிட்டுப் போன் எடுத்துப் பாராட்டினார்.

கார்த்திகையில் அந்த அம்மா போன் எடுத்தார். "தம்பி, முத்தத்தில மூண்டு நாளாத் தண்ணி நிக்குது. காலை வைச்சால் சொதசொத எண்டு இருக்கு." போய்ப் பார்த்தேன். புல்லை மிதித்தால் நீர் மேலே வந்தது. கிணற்றடிப் பக்கம் ஒரு மூலையில் புல் மஞ்சளாகி, அழுகல் மணம் அடித்தது. மழை விட்டதும் தேறிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி தேறியது. ஆனால் வைகாசி கடந்து வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் மிச்சமும் போகத் தொடங்கியது. காலையும் மாலையும் தண்ணீர் விட்டும், பதினொரு மணி வெயிலுக்குள் நுனி சுருண்டுவிடும்.

மண்வெட்டியை ஓரத்தில் விட்டுக் கிளப்பினேன். விரித்து ஒன்பது மாதமான புல், பாய் சுருட்டுவது போல முழுதாகக் கழன்று வந்தது. புரட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வேர்கள் இரண்டு அங்குலம் நேராக இறங்கி, கிரவலில் முட்டி, அப்படியே பக்கவாட்டில் திரும்பி, ஒன்றோடொன்று பின்னிப்போய்க் கிடந்தன. கிரவலின் முகத்தில் ஒரு வேர்கூட ஒட்டியிருக்கவில்லை. கையை வைத்தேன், சுட்டது. மாரியில் மூழ்கியதும் கோடையில் கருகியதும் அந்த இரண்டு அங்குல மண்ணால்தான்.

முழுவதையும் கிளப்பி, கிரவலை உடைத்து, மண் போட்டு, மறுபடி புல் வாங்கி என் செலவில் விரித்துக் கொடுத்தேன். இரண்டு கியூப் போட்ட இடத்துக்கு ஐந்து கியூப் வேண்டியிருந்தது. அந்த அம்மா ஒரு சுடுசொல் சொல்லவில்லை. வேலை நடந்த நாலு நாளும் தேத்தண்ணி வைத்துத் தந்தார். அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த ஒரு தவறைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். புல்லை வாங்கப் பணம் இருக்கும், அதற்கடியில் மண் போட மட்டும் மனம் வராது. "புல்லுக்கு எதுக்கு அண்ணை இவ்வளவு மண்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "கிரவல் நல்ல கெட்டி, புல் தாழாது" என்று மேசனும் சேர்ந்து சொல்வார். இருவரும் வீட்டை நினைத்துச் சொல்கிறார்கள். புல்லுக்காகக் கதைக்க வேண்டியவர் நீங்கள்.

விரிப்பதற்கு முன் ஒரு மாலை செலவழித்தால் போதும். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டுங்கள். அலவாங்கு இல்லாமல் வெட்ட முடியாவிட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, அது வற்றியதும் இன்னொரு முறை நிரப்பிவிட்டுப் போங்கள். விடியப் பார்க்கும்போது பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர் நின்றால், அங்கே புல் விரிக்கக் கூடாது.

புல் வரும் இடத்தில் மட்டும் ஆறு அங்குலம் கிரவலை அகற்றுங்கள். அத்திவாரத்தை ஒட்டியும் நடைபாதைக்குக் கீழும் கை வைக்க வேண்டாம். எடுத்த கிரவலை வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் போடலாம். அடியில் இன்னும் கிரவல் இருந்தால், பழைய நிலம் தெரியும் வரை பிக்காசால் அல்லது ஜேசிபியின் பல்லால் கீறிவிட வேண்டும். பிறகு மேல்மண்ணில் முதல் இரண்டு அங்குலத்தைப் போட்டு, கீறிய நிலத்தோடு கிளறிக் கலக்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மண் சட்டென்று முடிந்து இன்னொரு மண் தொடங்கினால், தண்ணீரும் வேரும் அந்தக் கோட்டிலேயே தயங்கி நிற்கும். கலந்த பிறகு மிச்ச மண்ணைப் போடுங்கள்.

கணக்கு சுலபம். 1 கியூப் என்றால் 100 கன அடி. 1,000 சதுர அடிக்கு நாலு அங்குலம் போட 3.3 கியூப் வேண்டும், ஆறு அங்குலம் என்றால் 5 கியூப். நாலுக்குக் குறைந்தால் நான் வேலையை ஏற்பதில்லை.

பரந்தனில் அந்தத் தம்பிமாரிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிப்போனார்கள். பாதி முற்றம் விரித்தாகிவிட்டது, மற்றப் பாதிக்கான புல் அடுத்த நாள் வருவதாக இருந்தது. விரிக்காத பக்கத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். காலை ஆறரைக்கு வட்ஸ்அப்பில் படம் வந்தது: குழி விளிம்பு வரை தண்ணீர். இரண்டாவது லோட்டை நிறுத்திவிட்டார்கள். விரித்ததைக் கிளப்பி மாமர நிழலில் ஈரச் சாக்கின் மேல் பரப்பி வைத்து, அதன் மேல் தண்ணீர் தெளித்து, ஆளுக்கொரு பிக்காஸ் எடுத்தார்கள்.

எந்த மண்ணையும் மண் என்று எடுப்பது

குளத்து வண்டல் வளமானதுதான். ஆனால் அதை மட்டும் போட்டால் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வயல் களியும் அப்படியே. களியில் கொஞ்சம் மணல் சேர்த்தால் சரியாகும் என்று சிலர் செய்கிறார்கள், காய்ந்த பிறகு அது செங்கல் போல இறுகிவிடும். நான் போடுவது இரண்டு பங்கு செம்மண் மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு. பச்சைச் சாணம் கூடாது. வேரைச் சுடும், களை விதையையும் கொண்டுவரும்.

வவுனியாப் பக்கத்தில் பார்த்தீனியம் என்ற களை எப்படிப் பரவியது என்று எல்லோரும் கண்டிருக்கிறோம். மண் ஏற்றும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். வெள்ளைப் பூவோடு அந்தச் செடி நின்றால் அங்கே ஏற்ற வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாத டிப்பரிலும் வேண்டாம்.

ஈர மண்ணை உழுவதும் மிதிப்பதும் கூடாது. எங்கள் செம்மண் நனைந்தால் ஒட்டும், அப்படியே மிதிபட்டுக் காய்ந்தால் திரும்பவும் பாறைதான்.

தோண்டும்போது தெரியாத இரும்பு

போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். நிறுத்துங்கள், தொடாதீர்கள், ஆட்களை விலக்கி பொலிஸின் 119 க்கு அறிவியுங்கள். வெளியிலிருந்து ஏற்றி வந்த மண்ணுக்கும் இதுதான்.

கோரையை உழுது கலைப்பது

நேரம் மிச்சம் என்று லான்ட்மாஸ்ரரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) விடுகிறார்கள். கோரைக்கிழங்கு துண்டுபட்டும் பிரிந்தும் வளவு முழுதும் பரவும். ஒரு மாதத்தில் புது புல்லைத் துளைத்துக்கொண்டு ஈட்டி போல நிற்கும். அப்புறம் புல்லைக் கெடுக்காமல் அதை எடுக்க வழியில்லை. மண்ணை நனைத்து மூன்று கிழமை விடுங்கள், முளைக்கட்டும். முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மறுபடி நனைத்து, மறுபடி எடுங்கள். பொறுமையில்லாத வீட்டுக்காரரிடம் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சீமெந்து குழைத்த இடம்

மேசன் கலவை போட்ட இடத்தில் புல் மஞ்சளாகவே நிற்கும். அந்தப் பொருக்கை முழுதாக வெட்டி எடுத்துவிடுங்கள்.

மட்டமாகவே விடுவது

கண்ணுக்கு மட்டமாக இருப்பது மழைக்கு மட்டமாக இருக்காது. வீட்டிலிருந்து வெளியே பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு வேண்டும். மேசன்மார் பிடிக்கும் டியூப் மட்டத்தாலேயே இதைப் பார்க்கலாம். மண் போட்டதும் இரண்டு முறை நன்றாக நனைத்து ஒரு கிழமை தாழ விடுங்கள். கால் வைத்தால் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது. புல்லின் கனத்தையும் கணக்கில் எடுத்து, மண்ணை நடைபாதை விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பாதையிலேயே தேங்கும்.

ஆடி விடுமுறைக்கு விரிப்பது

வெளிநாட்டில் இருப்பவர்கள் வருவது ஆடி, ஆவணியில். நிற்கிற நாலு கிழமைக்குள் முற்றம் பச்சையாக வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. பலர் இருபது, முப்பது வருடம் கழித்து வந்து கட்டிய வீடு அது. ஆனால் அந்த நேரம் கச்சான் காற்று மண்ணை உறிஞ்சும், கிணறும் இறங்கியிருக்கும். புது புல்லுக்குத் தொடக்கத்தில் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் தண்ணீர் என்று வைத்தாலும், 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 600 லீற்றர். பத்து நாளைக்கு 6,000. குடிக்கிற கிணற்றிலிருந்து ஆவணியில் அதை இறைக்கச் சொல்ல என்னால் முடியாது.

நான் தை மாதத்தைச் சொல்வேன். பெருமழை ஓய்ந்திருக்கும், கிணறு நிறைந்திருக்கும், இரவில் பனியும் விழும். சித்திரை வெயில் வருவதற்குள் வேர் இறங்கிவிடும். விடுமுறையில் வருபவர்களிடம் மண் வேலையை அப்போதே செய்யச் சொல்லுங்கள், புல் தையில் வரட்டும். பூநகரி போன்ற கரையோரப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா என்றும் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்.

லொறி வந்த பிறகு மண்ணைப் பார்ப்பது

புல் தெற்கிலிருந்து இரவு முழுதும் லொறியில் வருகிறது. வந்ததும் அடுக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈர வைக்கோற்போருக்குள் கை விட்டது போலச் சூடு தெரியும். வெட்டிய 24 மணித்தியாலத்துக்குள் அது நிலத்தில் இருக்க வேண்டும். அதனால் மண் முழுதாகத் தயாராகும் முன் புல்லுக்குச் சொல்லவே கூடாது. விரிக்கும் மண்ணும் ஈரமாக இருக்கட்டும், காய்ந்த சூட்டு மண்ணில் வேர் பட்டதும் கருகும். முழு முற்றமும் முடியும் வரை காத்திருக்காமல், விரித்த பகுதிக்கு அப்போதைக்கப்போதே தண்ணீர் விடுங்கள்.

நிழலில் அறுகு

வராது. மரநிழலுக்கு அகல இலைப் பஃபலோ புல், அதுவும் ஈரம் நிற்கும் இடமென்றால் மட்டும்.

படலை இல்லாத வளவு

கட்டாக்காலி மாடு ஓர் இரவில் எல்லாவற்றையும் கிளப்பிவிடும். வேலி முதல், புல் பிறகு.

அவசரப்பட்டு வெட்டுவது

மூன்றாம் கிழமை ஒரு துண்டின் மூலையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் இன்னும் காத்திருங்கள். நிலம் பிடித்து இழுத்தால் வெட்டலாம். முதல் வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெட்டுவதற்கு முதல் நாள் தண்ணீர் விடாதீர்கள், ஈரத்தில் மெஷினின் சில்லு புதைந்து புல்லை இழுத்துக்கொண்டு போகும்.