தண்ணீர் மானோமீட்டரில் சி.வி.பி. பார்ப்பது எப்படி?

உடம்பு முழுக்கச் சுற்றிய ரத்தம் இதயத்தின் வலது மேலறைக்குத் திரும்பும் இடத்தில் உள்ள அழுத்தமே சி.வி.பி. (சென்ட்ரல் வீனஸ் பிரஷர்). அழுத்தத்தை மின்சிக்னலாக மாற்றும் டிரான்ஸ்டியூசர் இருந்தால் மானிட்டரே எண்ணைக் காட்டும். சலைன் (உப்புநீர்) நிரப்பி, செ.மீ. அளவு குறித்த செங்குத்துக் குழாயான மானோமீட்டரில் பார்க்கும் முறையை, வார்டுக்குப் புதிதாக வரும் நர்சிங் மாணவர்களுக்காக எழுதுகிறேன். சென்ட்ரல் லைனின் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் செலுத்திய குழாயின்) நுனி சரியான இடத்தில் இருப்பதை டாக்டர் எக்ஸ்ரேயில் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும்.

1. நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லி மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் தலைப்பக்கத்தை 45 டிகிரி வரை உயர்த்தலாம். கோணத்தைச் சார்ட்டில் எழுதுங்கள். அடுத்த முறையும் அதே கோணம்தான்.

2. எல்லாவற்றையும்விட முக்கியம் பூஜ்யம். மார்பின் பக்கவாட்டில், நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் புள்ளியை மார்க்கரால் குறியுங்கள். மானோமீட்டரின் பூஜ்யம் அதே மட்டத்தில் நிற்க வேண்டும். 5 செ.மீ. கீழே இறங்கினால் 6 என்பது 11 ஆகிவிடும். அழுத்தம் அதிகம் என்று நினைத்து, தேவையான திரவத்தை நிறுத்திவிடுவார்கள். கண்மதிப்பு போதாது, லெவல் வைத்துப் பாருங்கள். கட்டிலை ஏற்றி இறக்கினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

3. கை கழுவுங்கள். சென்ட்ரல் லைனுக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்தான் லூமன்கள்; அளவு பார்க்கும் லூமனில் ஓடும் மற்ற டிரிப்புகளை நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்து ஓடும் லூமனை மட்டும் தொடவே கூடாது. வேறு லூமனில் பாருங்கள்.

4. த்ரீ-வேயை (மூன்று பக்கம் திறக்கும் குழாய்த் திருகை) திருப்பி, முதலில் சலைனை மானோமீட்டருக்கு விடுங்கள். எதிர்பார்க்கும் அளவுக்கு மேலே நிரம்பட்டும், வழியக் கூடாது. குமிழி இருக்கவே கூடாது. பிறகு நோயாளியின் பக்கம் திறவுங்கள். நீர் இறங்கி, மூச்சுக்கேற்ப ஏறி இறங்கும். இறங்கவே இல்லையா? குழாய் மடங்கியிருக்கலாம், ரத்தம் உறைந்திருக்கலாம். சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

5. மூச்சை வெளியே விட்டு முடிக்கும் கணத்தில், கண் மட்டத்தில் படியுங்கள். இதற்காக வென்டிலேட்டரைக் கழற்றக் கூடாது.

6. த்ரீ-வேயைப் பழையபடி திருப்பி, டிரிப் வேகத்தைச் சரிசெய்யுங்கள்.

வழக்கமான அளவு ஏறக்குறைய 5 முதல் 10 செ.மீ. நீர். மானிட்டர் காட்டுவது மி.மீ. பாதரசம்; 1 மி.மீ. பாதரசம் 1.36 செ.மீ. நீருக்குச் சமம். அலகை எழுதாத எண் ஆபத்தானது.

ஒற்றை எண்ணை நம்பித் திரவம் ஏற்றும் காலம் போய்விட்டது. செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிக்கு 8 முதல் 12 மி.மீ. பாதரசம் என்ற இலக்கையே 2016-இல் சர்வதேச வழிகாட்டுதல் கைவிட்டது. முந்தைய அளவுகள், ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியவற்றோடு சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள்.