ஓடிபி யார் போனுக்கு வருகிறது? ஆடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

கடைக்கு ஜிஎஸ்டி எண் எடுக்கும் நாளிலேயே பெரிய தவறு நடந்துவிடுகிறது. "உங்க நம்பரைப் போட்டா ஓடிபிக்கு உங்களைத் தொந்தரவு பண்ணணும், என் நம்பரையே போட்டுடறேன்" என்பார் வேலையை முடித்துத் தருபவர். நமக்கும் நிம்மதியாக இருக்கும். அவருடைய மொபைல், அவர் உருவாக்கிய மெயில், அவருக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டு. அதற்குப் பிறகு அரசு நமக்கு எழுதுவதெல்லாம் அவருக்குத்தான் போகும்.

மாதாமாதம் ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட வேண்டியவர் தொடர்ந்து 6 மாதம் போடாவிட்டால் ஜிஎஸ்டி பதிவையே ரத்து செய்யலாம். அதற்கு முன் வரும் நோட்டீசுக்குப் பதில் சொல்ல 7 வேலை நாள்தான் அவகாசம். அது அவருடைய இன்பாக்ஸில் கிடந்தால், மொத்த வியாபாரி "உங்க எண் கேன்சல்னு காட்டுதே" என்று கேட்கும்போதுதான் நமக்கே தெரியவரும். "ஆடிட்டர் சொல்லவில்லை" என்பது அதிகாரியிடம் எடுபடாது. ரிட்டர்ன் நம் பெயரில் இருக்கிறது, பொறுப்பும் நம்முடையதுதான்.

சம்பளக்காரர்களுக்கு இதே கதை வேறு விதமாக வரும். 2025 ஜூலையில் வருமான வரித்துறை, பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்தவர்களைத் தேடி 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மெயில் உருவாக்கி, பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள், அதனால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடந்தன என்று துறையே சொன்னது. இல்லாத வீட்டு வாடகையும் தராத நன்கொடையும் காட்டி ரீஃபண்ட் வாங்கினால், வரியும் வட்டியும் போக, ஏய்த்த வரியில் 200 சதவீதம் அபராதம் வரலாம். கமிஷன் வாங்கியவர் போனை எடுக்கமாட்டார்.

ஆகவே "ரீஃபண்டில் எனக்கு இத்தனை சதவீதம்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரீஃபண்ட் கூடினால் அவர் கூலியும் கூடும் என்றால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்கவே வேண்டாம். பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) இப்படிப் பலனைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதை அவர்களுடைய தொழில் விதியே தடுக்கிறது.

அப்புறம், பணம். "வரியை என்கிட்ட கொடுத்துடுங்க, நான் கட்டிடறேன்" என்பது வேண்டவே வேண்டாம். சலானை அவர் தயார் செய்யட்டும், நெட் பேங்கிங்கிலோ வங்கிக் கவுண்டரிலோ பணத்தை நீங்களே கட்டுங்கள். அவருடைய ஃபீஸ் தனி, அரசுக்குப் போகும் வரி தனி. இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லும் ஆளிடம் எவ்வளவு வரி என்று ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது.

ரிட்டர்ன் போட்டாரா என்று அவரையே கேட்டுக்கொண்டிருக்கவும் தேவையில்லை. ஜிஎஸ்டி தளத்தில் யாருடைய எண்ணைப் போட்டாலும், லாகின் இல்லாமலே, எந்த மாத ரிட்டர்ன் எந்தத் தேதியில் போடப்பட்டது என்று காட்டும். வருமான வரியில் ரிட்டர்ன் போட்டதும் வேலை முடிந்துவிடாது. அது நம்முடையதுதான் என்று 30 நாளுக்குள் ஆன்லைனில் உறுதி செய்ய, அதாவது இ-வெரிஃபை செய்ய வேண்டும். ஆதார் ஓடிபி உங்கள் போனுக்கு வரும் என்பதால் அந்த ஒரு வேலையை அவரால் தனியாக முடிக்க முடியாது, பலருக்கு அது மறந்தும் போகிறது.

நம்மூரில் வரி வேலை செய்யும் எல்லோரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். சாதாரண ரிட்டர்னுக்கு அனுபவமுள்ள வரி ஆலோசகரே போதும், சி.ஏ.தான் வேண்டும் என்று ஃபீஸை ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் வருமான வரித் தணிக்கை வரம்புக்குள் வந்துவிட்டால் சி.ஏ.வின் கையெழுத்து கட்டாயம். அதில் யுடிஐஎன் என்ற எண் இருக்கும், அதைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் கையெழுத்து உண்மையா என்று தெரிந்துவிடும்.

கணக்கு எழுதுபவர் விஷயத்தில் தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான். வருஷம் முழுக்கப் பில்களை மஞ்சப்பையில் சேர்த்து மார்ச்சில் கொண்டுபோய்க் கொட்டினால், அவரும் ஏதோ ஒரு தொகையைப் போட்டு டேலியை (கணக்கு எழுதும் மென்பொருள்) முடிப்பார். உள்ளீட்டு வரி வரவு, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, இங்கேதான் கைநழுவும். நமக்குச் சரக்கு விற்றவர் அவருடைய ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டினால்தான் அது ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் காட்டும் நம்முடைய 2பி பட்டியலில் வரும். மாதாமாதம் ஒப்பிட்டால் விடுபட்ட பில்லுக்கு உடனே அவருக்குப் போன் போடலாம். நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 தாண்டினால் பொதுவாக அந்த வரவு போனதுதான். பகுதி நேர ஆளிடம் பேசும்போதே "மாதம் ஒருமுறை 2பி பார்த்துச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். "அது ஆடிட்டர் பார்ப்பார்" என்று அவர் சொல்ல, ஆடிட்டரோ "கணக்குப் பிள்ளை பார்ப்பார்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் கடைகள் ஏராளம்.

டேலி பேக்கப்பும் உங்களிடம் இருக்கட்டும். ஆளை மாற்ற நினைக்கும்போது முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஃபீஸ் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள், தளங்களில் மொபைலையும் மெயிலையும் மாற்றுங்கள், கடைசியில் பாஸ்வேர்டு. மொபைலும் மெயிலும் இன்னும் அவருடையதாகவே இருந்து, அவர் ஓடிபி தர மறுத்தால், பான் கார்டுடன் ஜிஎஸ்டி அலுவலகம் போய் அதிகாரி மூலமே அதை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. புதிதாகத் தணிக்கைக்கு வரும் சி.ஏ., பழையவருக்கு ஒரு கடிதம் எழுதுவார். அது அவர்களுடைய தொழில் முறை, உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல.